சம்பளம் கூடினால் வரி விழுங்கிவிடுமா? படிநிலை வருமான வரி எப்படி வேலை செய்கிறது?

வருமானம் ஏற ஏற, ஏறிய பகுதிக்கு மட்டும் விழுக்காடு கூடுவதே படிநிலை வரி.

பினாங்கில் உங்கள் வீட்டுத் தண்ணீர் பில்லை எடுத்துப் பாருங்கள். முதல் 20 கன மீட்டருக்கு மலிவு விலை. அதைத் தாண்டிய தண்ணீருக்குத்தான் கூடுதல் விலை. முதல் 20-க்கான விலை ஏறாது. வரியும் அதே கணக்குதான்.

மலேசியாவில் ஆண்டு வருமானத்திலிருந்து தனிநபர் கழிவு 9,000 ரிங்கிட், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) போன்றவை போக வரிக்குரிய வருமானம் 50,000 ரிங்கிட் என்றால், 2023 முதலான விகிதப்படி வரி 1,500. அடுத்த 20,000-க்கு 11 விழுக்காடு. ஆக, வருமானம் 51,000 ஆனால் வரி கூடுவது 110 ரிங்கிட். மீதி 890 உங்கள் கையில்.

ஏன் இந்தப் படிகள்? உணவகத்தில் 50 ரிங்கிட் சாப்பாட்டுக்கு 6 விழுக்காடு சேவை வரி 3 ரிங்கிட். மாதம் 2,000 வாங்குபவருக்கும் 20,000 வாங்குபவருக்கும் அதே 3 ரிங்கிட்தான். முன்னவருக்கு அது பத்து மடங்கு பாரம். படிநிலை வரி அதை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஜிஎஸ்டியா (பொருள், சேவை வரி) எஸ்எஸ்டியா (விற்பனை, சேவை வரி) என்று வாதிடும்போதும் முதலில் கேட்க வேண்டியது, யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்பதைத்தான்.

'சம்பள உயர்வு வந்தால் மேல் படிக்குப் போய் நட்டமாகிவிடும்' என்பது தவறு. ஆனால் வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டினால் 400 ரிங்கிட் வரித் தள்ளுபடி போய்விடும், 35,000-க்கு 200 கட்டியவர் 35,100-க்கு 606 கட்டுவார், அதனால் அந்தக் கோட்டை ஒட்டி இருப்பவர்கள் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவுக்குப் புத்தக, இணைய ரசீதுகளைத் தவறாமல் எடுத்து வையுங்கள்.