கேள்வி – பதில்: குண்டு வைத்தும் நிற்காத பத்திரிகை

கேள்வி: மே 3-ஐ உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள் என்கிறார்கள். அந்தத் தேதி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பது உண்மையா?

உண்மைதான். 1991 மே 3-ல் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக்கில் கூடி, சுதந்திரமான, பன்முகமான பத்திரிகைகள் வேண்டும் என்று ஒரு பிரகடனம் எழுதினார்கள். அந்தத் தேதியைத்தான் ஐ.நா. பிறகு எடுத்துக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர்களில் ஒருவர் க்வென் லிஸ்டர், 1985-ல் ‘தி நமீபியன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். அப்போது நமீபியா தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது. ராணுவமும் போலீஸும் கிராமங்களில் செய்த அட்டூழியங்களை அந்தப் பத்திரிகை எழுதியது, பதிலுக்கு 1988-ல் ஆசிரியரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், அதே ஆண்டு அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். பத்திரிகை நிற்கவில்லை.

கேள்வி: அது வெள்ளைக்காரர் ஆட்சி. சுதந்திரம் வந்த பிறகு பிரச்சினை தீர்ந்திருக்குமே?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 1990-ல் ஆட்சிக்கு வந்த ஸ்வாபோ கட்சியின் விடுதலைப் போராட்டத்துக்கு இந்தப் பத்திரிகை ஆதரவாக இருந்தது ஊரறிந்த விஷயம். ஆனால் புது அரசின் தவறுகளையும் எழுதத் தொடங்கியதும் உறவு கசந்துவிட்டது. 2000 கடைசியில் அதிபர் சாம் நுஜோமாவின் அமைச்சரவை, இந்தப் பத்திரிகைக்கு அரசு விளம்பரம் கொடுக்கக்கூடாது என்று முடிவெடுத்தது, அப்புறம் அரசுப் பணத்தில் ஒரு பிரதிகூட வாங்கக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தடை 2011 வரை நீடித்தது. யாரையும் கைது செய்யவில்லை, எதையும் எரிக்கவில்லை, அதனால் வெளிநாட்டில் பெரிய சத்தமும் எழவில்லை. எதிரி தீ வைத்தான், நண்பன் காசை நிறுத்தினான். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனம்.

கேள்வி: விளம்பரத்தை நிறுத்தினால் ஒரு பத்திரிகை சாகுமா என்ன?

சிறிய நாட்டில் சாகலாம். அங்கே பெரிய விளம்பரதாரரே அரசுதான்: டெண்டர், வேலைவாய்ப்பு, ஏலம், எல்லா அறிவிப்பும் அங்கிருந்துதான் வரும். அரசோடு தொழில் செய்கிற தனியார் கம்பெனிகளும் நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிக்கொள்ளும். நமீபியன் தப்பியதற்கு நான் பார்க்கிற காரணம் இரண்டு. பத்திரிகை ஓர் அறக்கட்டளையின் கையில் இருந்தது, விற்றுவிட்டுப் போக முதலாளி இல்லை. இன்னொன்று, அரசு வாங்காவிட்டாலும் மக்கள் வாங்கினார்கள்.

கேள்வி: ஜிம்பாப்வேயில் ஒரு பத்திரிகையின் அச்சகத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்களாமே?

‘டெய்லி நியூஸ்’. ஜெஃப்ரி நியரோட்டா ஆசிரியராக 1999-ல் தொடங்கி, கொஞ்ச காலத்திலேயே அரசு சார்பு ‘ஹெரால்டு’க்குச் சரியான போட்டியாக வளர்ந்தது. 2001 ஜனவரியில் தலைநகர் ஹராரேயில் அதன் அச்சு இயந்திரத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மறுநாள் பத்திரிகை வந்தது! வேறு இடத்தில் அடித்து, பக்கத்தைக் குறைத்து, எப்படியோ கொண்டுவந்துவிட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. 2002-ல் அதிபர் முகாபேயின் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: அரசு அமைக்கும் ஆணையத்திடம் பதிவு செய்யாமல் பத்திரிகை நடத்தக்கூடாது. இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று டெய்லி நியூஸ் பதிவு செய்ய மறுத்து வழக்குப் போட்டது. முதலில் சட்டத்துக்குக் கட்டுப்படு, பிறகு வந்து எதிர்த்து வாதாடு என்று 2003 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, அடுத்த நாளே போலீஸ் வந்து மூடியது. இடையில் சில நாட்கள் தலைகாட்டியதைத் தவிர, நிலையாகத் திரும்ப வந்தது 2011-ல்தான். வெடிகுண்டால் ஒரு நாள்கூட நிறுத்த முடியாததை ஒரு விண்ணப்பப் படிவம் ஏழு வருஷத்துக்கு மேல் நிறுத்திவைத்தது.

கேள்வி: இந்தப் பத்திரிகைகளும் ஏதாவது ஒரு கட்சிக்கு வேலை செய்பவைதானே? நடுநிலை என்பதெல்லாம் சும்மா!

சில சமயம் அப்படித்தான், மறைக்க வேண்டியதில்லை. ஜாம்பியாவின் ‘தி போஸ்ட்’ 2011 தேர்தலில் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட மைக்கேல் சாட்டாவுக்கு வெளிப்படையாகவே துணை நின்றது. வென்று அதிபரான அவர் இறந்த பிறகு அதே கட்சியில் எட்கர் லுங்கு அதிபரானார், பத்திரிகை அவரைக் கடுமையாக விமர்சித்தது, 2016 ஆகஸ்ட் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னால் வரித்துறை வந்து அலுவலகத்தைப் பூட்டியது. வரி பாக்கியே இல்லையா என்றால், அதன் மேல் வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பூட்டுப் போடுவதற்கு வருஷத்தில் வேறு மாதமே கிடைக்கவில்லையா? ஆட்சிக்கு நெருக்கமாக உட்கார்ந்த பத்திரிகை எழுந்து நின்றபோது அதன் பக்கம் நிற்க ஆள் குறைவாக இருந்தது என்பதும் என் எண்ணம்.

கேள்வி: எழுதி எழுதி என்ன பலன்? அமைச்சர் யாராவது பதவி இழந்ததுண்டா?

உண்டு. 2019 நவம்பரில், மீன்பிடி ஒதுக்கீட்டுக்காக ஐஸ்லாந்துக் கம்பெனி ஒன்று நமீபியாவில் லஞ்சம் கொடுத்ததாக ஆவணங்கள் வெளிவந்தன. அவற்றை ஆராய்ந்து வெளியிட்ட ஊடகங்களில் நமீபியனும் ஒன்று. மீன்வளத் துறை அமைச்சர், நீதித் துறை அமைச்சர் இருவரும் பதவி விலகினார்கள், பிறகு கைதும் ஆனார்கள்.

கேள்வி: ரூபாய் நோட்டையே போஸ்டராக ஒட்டிய பத்திரிகை எது?

ரூபாய் இல்லை, ஜிம்பாப்வே டாலர். வில்ஃப் பங்கா நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டு 2005-ல் தொடங்கிய ‘தி ஜிம்பாப்வேயன்’. வெளியே அச்சடித்து லாரியில் உள்ளே அனுப்புவார்கள். 2008-ல் பிரதிகளோடு வந்த லாரியை எரித்தார்கள், போதாததற்குப் பத்திரிகையை ஆடம்பரப் பொருள் என்று வகைப்படுத்தி இறக்குமதி வரி போட்டார்கள். அந்த வரியால் விலை ஏறி உள்ளூர் மக்களால் வாங்க முடியாமல் போக, 2009-ல் செல்லாக்காசாகிப்போன டிரில்லியன் டாலர் நோட்டுகளையே ஒட்டித் தென்னாப்பிரிக்காவில் விளம்பரப் பலகை வைத்தார்கள். காகிதம் வாங்குவதைவிட அந்த நோட்டு மலிவு!