பாக்டீரியாவின் சமிக்ஞை, கொழுப்பு, உயிரிப்படலம்: கேள்வி பதில்

இளநிலை மாணவி: ஒற்றைச் செல்லாக வாழும் பாக்டீரியா, தன் இனத்தார் அருகில் எத்தனை பேர் என்பதை எப்படி அறிகிறது, ஐயா?

பதில்: ஒவ்வொரு செல்லும் சிறிதளவு சமிக்ஞை மூலக்கூறை வெளிவிடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அதன் செறிவு உயர்ந்து, ஓர் அளவைத் தாண்டியதும் ஏற்பிப் புரதத்துடன் இணைந்து சில மரபணுக்களை இயக்குகிறது. ஒளிரும் கடல் பாக்டீரியாவில் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் 1970இல் இதை விளக்கினர். 'கோரம் சென்சிங்' என்ற பெயர் 1994இல்தான் வந்தது.

உயிர்வேதியியல் மாணவர்: இதற்கும் கொழுப்பு உற்பத்திக்கும் என்ன தொடர்பு?

பதில்: சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா பயன்படுத்தும் இரண்டு முக்கியச் சமிக்ஞைகளில் ஒன்றுக்கு 12 கார்பன் வாலும் மற்றொன்றுக்கு 4 கார்பன் வாலும் உண்டு. செல் தன் சவ்வைக் கட்டுவதற்காக அசைல் சுமப்புப் புரதத்தின் மீது கோத்துவரும் கொழுப்பு அமிலச் சங்கிலியிலிருந்தே அந்த வால்கள் எடுக்கப்படுகின்றன. சவ்வும் சமிக்ஞையும் ஒரே களஞ்சியத்திலிருந்து வருகின்றன என்பதே இதன் பொருள். அதோடு நிற்கவில்லை. 4 கார்பன் சமிக்ஞை தன் ஏற்பியுடன் சேர்ந்ததும் உருவாகும் நொதிகளில் ஒன்று, அதே கொழுப்புப் பாதையின் இடைப்பொருளைத் திருப்பி இரண்டிரண்டாக இணைக்க, அடுத்த நொதி அதில் ராம்னோஸ் சர்க்கரையை ஏற்ற, ராம்னோலிப்பிடு என்னும் சோப்பு போன்ற பொருள் பிறக்கிறது. கொழுப்பையும் சமிக்ஞையையும் பாடநூல்கள் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துவிடுவதால் இந்த அழகான பிணைப்பு மாணவர் கண்ணில் படாமலே போவது எனக்கு வருத்தம் தருகிறது.

அதே மாணவர்: சோப்பு போன்ற பொருள், பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக் கூட்டமாக வாழும் உயிரிப்படலத்தைக் கரைத்துவிடாதா?

பதில்: அளவு மிஞ்சினால் செல்களைப் பிரித்து வெளியேற்றும். ஆனால் அளவோடு இருக்கும்போது, காளான் வடிவத் திரள்களுக்கிடையே நீரும் உணவும் ஓடும் கால்வாய்கள் அடைபடாமல் காக்கிறது. ராம்னோலிப்பிடு உண்டாக்க இயலாத திரிபுகளில் அக்கால்வாய்கள் நிலைப்பதில்லை என்று 2003இல் காட்டப்பட்டது.

பள்ளி ஆசிரியர்: உணவு கிடைக்காதபோது கொழுப்பு உற்பத்தி என்னவாகும்?

பதில்: ஈ. கோலை பாக்டீரியாவில் அமினோ அமிலம் குறைந்ததும் பிபிஜிபிபி என்னும் எச்சரிக்கை மூலக்கூறு பெருகுகிறது. காஷெல், கேலன்ட் இருவரும் 1969இல் கண்டறிந்த இது, சவ்வின் கொழுப்பான பாஸ்போலிப்பிடு உருவாக்கத்தின் முதற்படியைத் தடுத்து, வளர்ச்சி நின்ற செல் சவ்வை வீணாக நீட்டாமல் பார்த்துக்கொள்கிறது.

மருத்துவர்: அப்படியெனில் சமிக்ஞையைத் தடுத்தாலே உயிரிப்படலத்தை ஒழித்துவிடலாமா?

பதில்: பொதுவிதியாகச் சொல்ல நான் உடன்படமாட்டேன். சூடோமோனாஸில் 12 கார்பன் சமிக்ஞையை இழந்த திரிபு தட்டையான படலத்தையே அமைத்தது என்றும், அது சலவைப் பொருளுக்கு எளிதில் கலைந்தது என்றும் 1998இல் வெளியான ஆய்வு காட்டியதால் அந்த நம்பிக்கை பிறந்தது. காலராக் கிருமியிலோ நிலைமை நேர்மாறானது. கூட்டம் நெருங்கியதும் அதன் சமிக்ஞை, படலம் கட்டும் மரபணுக்களை அணைத்துவிடுகிறது. அங்கே சமிக்ஞையைத் தடுத்தால் படலம் கலைவதற்குப் பதிலாகத் தொடர்ந்து வளரும்.