நந்தினிக்கு முகம் கொடுத்தது யார்?

(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமும் பார்த்தேன். வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது. எனக்கு மட்டும் ஒருவரும் ஒட்டவில்லை. நாற்பது வருடமாக மனதில் வைத்திருக்கும் வந்தியத்தேவன் இவர் இல்லையே! தப்பு என் மேலா, நடிகர்கள் மேலா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: ஓவியர் மணியம் மேல்! கோபித்துக்கொள்ளாதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். 1950இல் தொடங்கி 1954 வரை 'கல்கி'யில் தொடர் வந்தபோது படம் போட்டவர் அவர். பிறகு திரும்பத் திரும்பத் தொடராக வந்தபோது வினு, பத்மவாசன் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு கை. நீங்கள் எந்தக் காலத்தில் படித்தீர்கள் என்று சொன்னால், உங்கள் வந்தியத்தேவனுக்கு மீசை எப்படி என்று நானே சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. நாவலில் அவனைப் பற்றி மனதில் நிற்பது முகமா என்ன? வாய்தான். ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையை மெதுவாக விட்டுக்கொண்டு, தண்ணீர் பாயும் கணவாய்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறான் பாருங்கள், அதிலிருந்து கடைசி வரை அவன் வேலை மாட்டிக்கொள்வது, பேசித் தப்பிப்பது, மறுபடி மாட்டிக்கொள்வது. கார்த்தி அந்த வாயைப் பிடித்துவிட்டார் என்பது என் கட்சி. முகம் பொருந்தவில்லை என்றால் அது உங்களுக்கும் பழைய பைண்டிங் புத்தகத்துக்கும் நடுவே உள்ள விவகாரம்.

இங்கே மட்டும் இல்லை இந்தக் கதை. ஷெர்லாக் ஹோம்ஸ் என்றதும் முன்னும் பின்னும் விளிம்பு வைத்த ஒரு தொப்பி ஞாபகம் வருகிறதல்லவா? அதைத் தலையில் மாட்டிவிட்டவர் சிட்னி பேஜெட் என்ற ஓவியர். அந்தத் தொப்பியின் பெயரைக் கதைகளை எழுதிய கானன் டாயில் எங்கேயும் எழுதவில்லை. அப்புறம் நாடகத்திலும் சினிமாவிலும் ஹோம்ஸாக வந்தவர்களில் எத்தனையோ பேர் தலையில் அது ஏறிவிட்டது.

கேள்வி: அப்படியானால் எழுத்தாளர் வர்ணித்ததற்கு மதிப்பே இல்லையா? ஆழ்வார்க்கடியான் குட்டை, கட்டை. ஜெயராம் எவ்வளவு உயரம்! ஆதித்த கரிகாலன் வாலிபன். விக்ரமுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது.
- தஞ்சாவூர் வாசகி

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். உயரம் நிச்சயமாக இடிக்கிறது. ஆனால் ஆழ்வார்க்கடியான் நம்பியின் சண்டைக்கார வைணவத்தையும், உளவு பார்த்துக்கொண்டே அப்பாவியாக முழிக்கும் அந்த முழியையும் ஜெயராம் தவறவிடவில்லை. மிமிக்ரி மேடையிலிருந்து வந்தவர், உடம்பை எங்கே தளர்த்துவது என்று தெரிந்திருக்கிறது. வந்தியத்தேவனோடு அவர் மல்லுக்கு நிற்கும் காட்சிகளில் நான் அளவுநாடாவை மறந்துவிட்டேன்.

வயசு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். கரிகாலனும் அருள்மொழியும் இளைஞர்கள் என்பது வெறும் அலங்காரம் இல்லை, கதையே அதில்தான் நிற்கிறது. பெரிய பழுவேட்டரையர் அறுபத்துநான்கு விழுப்புண் வாங்கிய கிழவர், அவருக்கு எதிரே இந்தப் பையன்கள். அருள்மொழியாக வந்த ஜெயம் ரவிக்கு (இப்போது ரவி மோகன்) அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. அமைதியும் கம்பீரமும் இருந்தன, சரி. இருபதை ஒட்டிய ஒருவனுக்கு நாடே தானாக வந்து மயங்கும் அந்த ஆச்சரியம் மட்டும் வரவில்லை. விக்ரம் வேறு மாதிரி. வயசைப் பற்றி யோசிக்கவிடாத அளவுக்கு எரிந்தார். கடம்பூர் மாளிகையில் நந்தினிக்கு முன் நிற்கும்போது அது காதலா, சாவுக்கு ஆசையா என்று பிரிக்க முடியவில்லை. கல்கி எழுதிய கரிகாலனும் அதேதான்.

இன்னொன்று. கல்கி முகத்தை நுணுக்கமாக எழுதிய இடமும் உண்டு. நந்தினியும் குந்தவையும் சந்திக்கும்போது நிதானமாக ஒப்பிடுவார்: ஒருத்தி பொன் நிறம், மற்றவள் செந்தாமரை நிறம், நந்தினிக்கு முழுநிலா மாதிரி வட்ட முகம், குந்தவைக்குச் சிலை மாதிரிக் கொஞ்சம் நீண்ட முகம், ஒருத்தியின் கூந்தல் ஆண்டாள் கொண்டை, மற்றவளுடையது மகுடம். இதைக் கையில் வைத்துக்கொண்டு ஐஸ்வர்யா ராயையும் த்ரிஷாவையும் சரிபார்த்தால் கொண்டைக்குத்தான் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்தச் சந்திப்பில் இருவரும் சிரித்தபடியே ஒருவரை ஒருவர் குத்திக்கொள்வது படத்திலும் இருந்தது. நந்தினியின் பாதி நடிப்பு தீபா வெங்கட்டின் குரலில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், போஸ்டரில் குரலுக்கு முகம் கிடையாது.

கேள்வி: ஓவியரை ஜெயித்த நடிகர் யாராவது உண்டா?
- மதுரை வாசகர்

பதில்: நாகேஷ். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியபோது கோபுலுவின் படங்களுக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு. 1968இல் ஏ.பி. நாகராஜன் படம் வந்தது. இன்றைக்கு யாரிடமாவது சவடால் வைத்தி என்று சொல்லிப் பாருங்கள். கோபுலுவின் கோடு யாருக்கு ஞாபகம் வருகிறது? எனக்கே வரவில்லை, நான் கோபுலு பக்தன். ஜில் ஜில் ரமாமணியையும் மனோரமா அப்படித்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டார். சிவாஜியைப் பற்றித் தனியாக என்ன சொல்ல, நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் என்று தெரிந்தும் அவர் கன்னத்தையும் கழுத்து நரம்பையும் பார்த்தால் காது ஏமாந்துபோகிறது.

கேள்வி: எழுத்தாளரே திரைக்கதை எழுதினால் பாத்திரம் அப்படியே வந்துவிடுமா?
- திருநெல்வேலி வாசகி

பதில்: 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வந்தது. ஜெயகாந்தனே எழுதினார், பீம்சிங் இயக்கினார், கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. நாவல் முழுக்கக் கங்கா தன் மனசுக்குள் பேசிக்கொண்டே போவது, அதை நடிப்பது லேசா? லட்சுமி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டே அதைச் செய்தார்.

நேர் எதிராக 'முள்ளும் மலரும்'. உமாசந்திரன் நாவலில் காளியின் கையைப் புலி கொண்டுபோகும், மகேந்திரன் படத்தில் லாரி ஏறும். தங்கை மேல் வைத்த பாசமும் திமிரும் ஒரே நரம்பில் ஓடுகிற அந்த ஆள் மட்டும் ரஜினியிடம் முழுசாக இருந்தான். புலியைத் தேடி யாரும் சண்டைக்கு வந்த மாதிரி தெரியவில்லை.

கேள்வி: உங்களுக்கு ஏமாற்றமே இல்லையா, சார்? எல்லாருக்கும் சர்டிபிகேட் கொடுக்கிறீர்களே!
- சேலம் வாசகர்

பதில்: இருக்கிறது. படகோட்டிப் பெண் பூங்குழலிதான் அது. ஐஸ்வர்யா லட்சுமி மேல் குறையே இல்லை, படகில் ஏறி நின்றதுமே சரியான ஆள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் கோடியக்கரையின் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று சொல்லித் திரியும் பெண் அவள். ராணியாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்த ஆசையைத் தானே கிண்டல் செய்துகொண்டு, கடைசியில் பூக்கட்டும் சேந்தன் அமுதனைக் கட்டிக்கொள்ள, அவன்தான் நிஜ மதுராந்தகன், அரச வாரிசு என்று தெரியவந்ததும் நிஜமாகவே ராணியாகிவிடுவாள். படத்தில் மதுராந்தகன் கதையை மாற்றியதில் அமுதன் சுருங்கினான், அவனோடு இவளும் போனாள். நாவலில் வரும் கடம்பூர்ப் பெண் மணிமேகலையாவது படத்துக்குள் வரவே இல்லை. இவளை வரவழைத்துக் கடலில் விட்டுவிட்டார்கள்.