நாய், பூனை ரோமத்தை இறக்குமதி செய்ய அமெரிக்காவும் ஐரோப்பாவும் போட்ட தடை உண்மையில் பலன் தருகிறதா?

தருகிறது, ஆனால் அரைகுறையாக. வீட்டில் நாய் வளர்ப்பவன் என்ற முறையில் இந்தத் தடையை முழுமனதோடு வரவேற்கிறேன். ஓட்டை இருப்பது அதை அமல்படுத்தும் இடத்தில்.

அமெரிக்கச் சட்டம் 2000 நவம்பரில் வந்தது. உலக ரோம வணிகத்துக்காக ஆண்டுதோறும் சுமார் 20 லட்சம் நாய்களும் பூனைகளும் கொல்லப்படுவதாக அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை எல்லாமே குற்றம். தெரிந்தே செய்தால் ஒவ்வொரு மீறலுக்கும் 10,000 டாலர் வரை அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலில் சில நாடுகள் மட்டும் தனித்தனியாகத் தடை வைத்திருந்தன. எல்லைக்குள் சரக்கு தடையின்றி ஓடும் சந்தையில் அது எப்படிப் போதும்? 2008 டிசம்பர் 31 முதல் ஒன்றியம் முழுமைக்கும் ஒரே தடை வந்தது.

சிக்கல் என்னவென்றால், சாயம் ஏற்றி, கத்தரித்து, ஜாக்கெட் தொப்பியின் ஓரத்தில் தைத்துவிட்டால் அது எந்த விலங்கின் ரோமம் என்று கண்ணால் சொல்ல முடியாது. பதனிடும் ரசாயனங்கள் டிஎன்ஏவையும் சிதைத்துவிடுவதால் அந்தச் சோதனையும் பல நேரம் கைகொடுக்காது. நுண்ணோக்கியும், மூலக்கூறுகளை அளந்து அடையாளம் காணும் நிறமாலைமானி என்ற ஆய்வகக் கருவியும் தேவைப்படுகின்றன. துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இதையெல்லாம் யார் செய்வார்கள்? ஆகவே கடைசியில் எல்லாம் லேபிளை நம்பித்தான் நடக்கிறது. அமெரிக்காவிலோ, 150 டாலர் வரை மதிப்புள்ள ரோமம் சேர்ந்த ஆடைகளுக்கு லேபிளே வேண்டாம் என்ற விலக்கு இருந்தது. மலிவான ரோமம் போய்ச் சேர்வதே அந்த மாதிரி ஆடைகளில்தான்! 2010 டிசம்பரில்தான் அந்த விலக்கை நீக்கினார்கள்.

என்னை உறுத்துவது இன்னொன்று. ரக்கூன் நாய் என்றொரு விலங்கு, நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனாவில் ரோமத்துக்காகவே பண்ணைகளில் வளர்க்கிறார்கள். வீட்டு நாயையும் பூனையையும் மட்டுமே குறிப்பிடும் இந்த இரண்டு தடைகளும் அதைத் தொடுவதில்லை. கூண்டில் அது படும் வேதனை என் வீட்டு நாயின் வேதனையைவிட எந்த வகையில் குறைவு?

வாங்கும்போது ரோமத்தை விலக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். தோல் தெரிந்தால் உண்மை ரோமம், துணி நெசவு தெரிந்தால் செயற்கை. எந்த விலங்கு என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதை ஆய்வகச் சான்றோடு நிரூபிக்கும் பொறுப்பை, செலவோடு சேர்த்து, இறக்குமதியாளர் தலையிலேயே சுமத்த வேண்டும் என்பது என் கருத்து.