மதுரையிலேயே இருந்துகொண்டு மேடையிலும் சொந்தப் படத்திலும் நடிகராக நிலைக்க முடியுமா?

கேள்வி கேட்டிருப்பவர் நான்கு ஆண்டுகளாக வீதி நாடகங்களில் நடித்து வருகிறார். மேடையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் வாய்ப்புத் தேடுவதா, அல்லது மதுரையிலேயே இருந்து நண்பர்களோடு சொந்தமாகப் படம் எடுத்து அதில் நடிப்பதா என்று கேட்கிறார். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் இரண்டையும் செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கிருந்தே முடியும், ஆனால் மேடையை விட்டுவிட்டால் முடியாது. பெரிய தயாரிப்பாளர் இல்லாத படத்துக்குப் பணம் சேர்வதற்கு முன்பே ஆட்கள் சேர்ந்தாக வேண்டும். அப்படிச் சேரக்கூடிய ஆட்கள் மதுரை வட்டாரத்தில் நாடகத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். அதில் சிறுவர்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள் பின்னாளில் தங்களுக்கென்று ஒரு குழுவை வளர்த்து, மேடையில் நடித்துவந்த ‘மேனகா’வையே 1935இல் திரைக்குக் கொண்டுபோனார்கள். மதுரையில் 1978இல் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கிய மு. ராமசாமி, பல பத்தாண்டுகள் மேடையில் உழைத்த பிறகு 2019இல் ‘கே.டி. (எ) கருப்புதுரை’ படத்தின் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். மேலூர் பக்கத்து வெயிலிலும் பொட்டல்களிலும் பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த ‘கூழாங்கல்’ 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. அதில் தந்தையாக நடித்த கருத்தடையானும் நாடகக்காரர்தான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் வீதி நாடகத்துக்கு வந்தேன். பிறகு ஏழெட்டுப் படங்களில் ஓரிரு காட்சிகளில் தலைகாட்டினேன். அவற்றில் ஒரு நிறுவனம் ஆறு நாள் சம்பளத்தை இன்றுவரை தரவில்லை. பள்ளிகளில் நாடகப் பயிற்சி கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. நான் எழுதி, இயக்கி, நடித்த முழுநீளப் படம் ஒன்றே ஒன்று. அதைப் பதினொரு பேர் சேர்ந்து, திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், பத்தொன்பது நாட்களில் எடுத்தோம்.

அந்தப் படத்தில் என் தாயாக நடித்தவர் முப்பது ஆண்டுகளாக ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்த்ரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம், போடுபவர். ஸ்பெஷல் நாடகம் என்பது ஒரே கம்பெனியின் நாடகம் அன்று என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் ஊர்க்காரர்கள் கதாநாயகனான ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்த்ரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும், பபூனையும் ஆர்மோனியக்காரரையும் இன்னும் எங்கெங்கிருந்தோ தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். பஸ் பிடித்து வந்து சேரும் இவர்கள் ஒத்திகை எதுவும் பார்க்காமல் இரவு பத்து மணிக்கு மேல் மேடையேறி, விடிய விடிய ‘வள்ளி திருமண’த்தை நடத்தி முடிப்பார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பாத்திரங்கள் மேடையில் வாதிட்டுக்கொள்ளும் தர்க்கத்தில் எதிரில் நிற்பவர் எந்தக் கேள்வியை வீசுவார் என்பது எவருக்கும் தெரியாது. அவர் தடுமாறினால் தாங்கிப் பிடிப்பதும் அந்தத் தொழிலின் கடமை.

இதன் அருமையை நான் படப்பிடிப்பின் நான்காம் நாள்தான் முழுமையாக உணர்ந்தேன். நிலத்தை விற்கக் கையெழுத்துக் கேட்டு மகன் வருகிறான், தாய் திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது காட்சி. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கு வசனம் மறந்துவிட்டது. நானே இயக்குநர் என்பதால் ‘கட்’ சொல்லவும் வேறு ஆள் இல்லை. தாயாக நடித்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த கொட்டையைச் சொளகில் போட்டுவிட்டு, “என்னடா, தொண்டையில புளி அடைச்சிருச்சா? வந்த சோலியச் சொல்லு” என்றார். எழுதப்படாத வசனம் அது. நான் எழுதிவைத்திருந்த எதைக் காட்டிலும் அந்தத் தாயின் கோபமும் பாசமும் அதில் இருந்தன. வசனம் தானாக என் வாயில் வந்தது. படத்தில் இருப்பது அந்த டேக்தான்.

மேடையிலிருந்து திரைக்கு வரும்போது விட வேண்டியதும் ஒன்று உண்டு, அது குரல். நாற்சந்தியில் லாரி இரைச்சலுக்கு மேலாகப் பேசிப் பழகிய நமக்கு, ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் உடம்பில் ஊறியிருக்கும். முதல் நாள் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்த தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “அண்ணே, நீங்க மூச்சு விடுறதே எனக்குக் கேக்குது, பக்கத்துல இருக்கவங்ககிட்ட பேசுங்க போதும்” என்றார். நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. நீங்கள் கேமராவுக்கு முன்னால் நிற்பதற்கு முன்பே, உங்கள் நாடகத்தின் ஒரு காட்சியை இரண்டு பேர் மட்டும் இருக்கும் அறையில் நடித்துக் கைப்பேசியில் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். போட்ட பணம் எனக்குத் திரும்பவில்லை. தியேட்டரில் வெளியிட வழி கிடைக்காததால் கல்லூரிகளிலும், நூலக அரங்குகளிலும், கிராமங்களில் சிமென்ட்டால் கட்டிய நாடக மேடைகளிலும் திரை கட்டிக் காட்டினோம். ஆகவே நிலையான வருமானம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நடிகர்களுக்கும் தொழில்நுட்பக்காரர்களுக்கும் தர வேண்டியதை, குறைவாக இருந்தாலும், அன்றன்றே கொடுத்துவிடுங்கள். சம்பளத்துக்காக அலைந்த வலி எனக்குத் தெரியும். நம் படத்தில் நடித்தவர் எவரையும் அப்படி அலையவிடக் கூடாது.

அடுத்த படத்துக்கான வேலையில் இப்போது இருக்கிறேன். பங்குனியில் தொடங்கி ஆடி முடிய அக்காவுக்கு ஊர் ஊராக நாடகங்கள் இருப்பதால் படப்பிடிப்பை ஐப்பசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அது மழைக்காலம் என்பதால், வெட்டவெளியில் நடப்பதாக எழுதியிருந்த இரண்டு காட்சிகளைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.