அறிக்கையை மூடுங்கள், மருந்துச் சீட்டை எடுங்கள்

கேள்வி: வயது 52. ஒரு வருடமாக ஓயாத சோர்வு. தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. மலப் பரிசோதனையில் ‘குடல் பாக்டீரியாக்களின் பன்மை குறைவு’ என்று வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை கொடுத்தார்கள். புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) காப்ஸ்யூல் சாப்பிட்டும் பலனில்லை. உணவை எப்படி மாற்றுவது? பி.கு: சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒமிப்ரசோல் எடுக்கிறேன். சமீபமாகப் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது.

பதில்: முக்கியமான செய்தியைப் பின்குறிப்பில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே!

உணவிலுள்ள பி12 வைட்டமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். ஒமிப்ரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. பிரிந்த பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அங்கே மெட்ஃபார்மின் குறுக்கே நிற்கிறது. கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு உண்டு என்பதால் பற்றாக்குறை மெதுவாகத்தான் தலைகாட்டும், பெரும்பாலும் சோர்வாகவும் கால் மரத்துப்போவதாகவும். பாத எரிச்சலும் ஊறலும் சர்க்கரையாலேயே வரலாம். ஊகிக்க வேண்டியதில்லை, ரத்தம் கொடுத்துப் பாருங்கள். பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றை முதலில் பாருங்கள். தூக்கம் கெடுகிறதா என்று தெரிய, குறட்டை உண்டா என்று வீட்டாரிடம் கேளுங்கள். இரண்டு மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒமிப்ரசோலைச் சட்டென்று விட்டால் அமிலம் முன்னைவிட வேகமாகப் பொங்கும்.

அந்த அறிக்கை? மெட்ஃபார்மின், ஒமிப்ரசோல் இரண்டுமே குடல் பாக்டீரியாக் கூட்டத்தை மாற்றுபவை. அமிலம் குறைந்தால் வாயில் இருக்க வேண்டிய பாக்டீரியாக்கள் குடலிலும் தென்படும். அறிக்கை உங்கள் நோயைக் காட்டுகிறதா, உங்கள் மருந்துச் சீட்டைக் காட்டுகிறதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதற்குப் பணம் வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

குடலுக்கும் சோர்வுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவில்லை. நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருள். நாட்பட்ட சோர்வு நோய் உள்ளவர்களிடம் அதைத் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் குறைவு என்று 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வுகள் காட்டின. ஆனால் படுத்தே கிடப்பவரின் உணவும் நடமாட்டமும் மாறிவிடுகின்றன. எது முந்தியது என்பது இன்னும் தீரவில்லை.

உணவில் செய்யக்கூடியது நார்ச்சத்தைக் கூட்டுவது: பயறு, முழுத்தானியம், காய், பழம். பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரே வாரத்தில் அங்கே தாவினால் வயிறு உப்பி, பயற்றையே வெறுத்துவிடுவீர்கள். வாரத்துக்கு ஒரு கைப்பிடியாகக் கூட்டுங்கள், தண்ணீரும் குடியுங்கள்.

கேள்வி: புளித்த உணவு பாக்டீரியாக்களைப் பெருக்குமாமே?

பதில்: அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமானவர்களை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், புளித்த உணவு சாப்பிட்ட பிரிவினருக்குப் பாக்டீரியா வகைகள் கூடின; உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தக் குறியீடுகள் சிலவும் குறைந்தன. நார்ச்சத்துப் பிரிவில் வகைகள் கூடவில்லை. ஆனால் சோர்வுக்கான சிகிச்சையாகப் புளித்த உணவை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. பிடித்திருந்தால் சாப்பிடுங்கள். கொதிக்கவைத்தால் பாக்டீரியாக்கள் இறந்துவிடும், அவ்வளவுதான்.