கம்ப்யூட்டர் கேள்வி பதில்: மெக்கானிக் கை வைக்கும் முன்பு

கேள்வி: சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறேனுங்க. ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10. டேலி, லேபிள் பிரிண்டர் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. கொஞ்ச நாளாக பிரிண்டர் பாதி லேபிளில் நின்றுவிடுகிறது. சர்வீஸ் தம்பி, "ரிஜிஸ்ட்ரியில் கொஞ்சம் கை வைக்கணும், சரியாகலைன்னா ஃபார்மேட்தான்" என்கிறார். டேலி டேட்டாவை டி டிரைவில் காப்பி போட்டு வைத்திருக்கிறேன். போதுமுங்களா?
- வாசகர், திருப்பூர்

பதில்: போதாதுங்க. முதலில், உங்கள் சி டிரைவும் டி டிரைவும் பெரும்பாலும் ஒரே ஹார்டு டிஸ்க்கைத்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். அந்தக் காப்பியை இன்றைக்கே ஒரு பென்டிரைவுக்கு மாற்றுங்கள். அப்புறம், டேட்டா வேறு, செட்டிங்ஸ் வேறு. லேபிளின் அகலம், இடைவெளி, எந்த போர்ட், ஷேர் செய்த ஃபோல்டர், ஐபி முகவரி என்று நீங்கள் ஒருநாள் உட்கார்ந்து சரிபண்ணி வைத்ததெல்லாம் டேலி ஃபோல்டருக்குள் இல்லை. அதில் பெரும்பகுதி ரிஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதிவைக்கும் பதிவேட்டில் இருக்கிறது, தம்பி கை வைக்கப்போவதும் அங்கேதான்.

அவர் தொடும் முன்பு, ஸ்டார்ட் மெனுவில் 'ரெஸ்டோர் பாயின்ட்' என்று தேடினால் சிஸ்டம் புரொடெக்‌ஷன் பக்கம் திறக்கும். பல விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் சி டிரைவுக்கு நேராக 'ஆஃப்' என்றுதான் இருக்கும், இருக்கிறது என்று நம்பிக்கொண்டே காலம் ஓட்டியிருப்போம். அதை ஆன் செய்து, 'கிரியேட்' அழுத்தி, பெயரில் தேதியும் போட்டு ஒரு பாயின்ட் எடுங்கள். ஏதாவது கெட்டால் விண்டோஸை இந்த நிலைக்கே திருப்பிக்கொள்ளலாம், அதுதான் சிஸ்டம் ரெஸ்டோர். அடுத்து, ரிஜிஸ்ட்ரி எடிட்டரில் எந்தக் கிளையை மாற்றப் போகிறாரோ அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து பென்டிரைவில் சேமிக்கச் சொல்லுங்கள். ஒரு விஷயம்: அந்த ஃபைலைத் திரும்ப ஏற்றினால் பழைய மதிப்புகள் வரும், ஆனால் இடையில் புதிதாகச் சேர்த்த பதிவுகள் அழியாது. அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பிரிண்டர் செட்டிங்ஸில் இருக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்கச் சாதாரணமாகத் தெரியும், கடைசியில் அதுதான் உதவும்.

ஃபார்மேட் என்றால் கதையே வேறு. ரெஸ்டோர் பாயின்ட் அதே சி டிரைவில்தான் இருக்கிறது, ஃபார்மேட்டோடு அதுவும் போகும். அதற்கு வெளி ஹார்டு டிஸ்க்கில் சிஸ்டம் இமேஜ், அதாவது விண்டோஸோடு சேர்த்து டிரைவின் முழு நகல் எடுக்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரெஸ்டோர் (விண்டோஸ் 7)' என்ற பழைய பெயரிலேயே இருக்கிறது. ஈ.பி.காரர்கள் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்துகிற நாளில் மட்டும் இந்த வேலையில் உட்காராதீர்கள். இமேஜை அப்படியே திரும்பப் போட்டால் பழைய கோளாறும் கூடவே வரும், ஆகவே புதிதாக இன்ஸ்டால் செய்துகொண்டு, ஏதாவது விட்டுப்போயிருந்தால் மட்டும் இமேஜிலிருந்து எடுங்கள். டேலி லைசென்ஸை ஃபார்மேட்டுக்கு முன்பே சரண்டர் செய்து, அதாவது இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து விடுவித்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, எப்படியும் ஃபார்மேட் செய்வதானால் 11 ஏறுமா என்றும் தம்பியிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சிஸ்டம் ரெஸ்டோர் செய்தால் குழந்தைகளின் போட்டோவெல்லாம் அழிந்துவிடுமா?
- வாசகி, பெருந்துறை

பதில்: அழியாதுங்க. போட்டோ, கடிதங்கள், பாட்டு எதையும் அது தொடாது. அந்தப் பாயின்டுக்குப் பிறகு போட்ட சாஃப்ட்வேர்களும் டிரைவர்களும் போய்விடும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தவறுதலாக அழித்த போட்டோவை அது மீட்டுத் தரும் என்றும் நினைக்காதீர்கள்.

கேள்வி: திருமண அழைப்பிதழ் டைப் செய்து கொடுக்கும் கடை. ஃபார்மேட் செய்யப் போகிறேன். எதை மறந்துவிடுவேன் என்று சொல்லுங்கள்.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஃபான்ட்! பாமினி மாதிரிப் பழைய ஃபான்டில் அடித்த ஃபைல்களை, அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் மாப்பிள்ளை பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுங்கள். கீபோர்டு சாஃப்ட்வேரின் இன்ஸ்டாலரையும் கூடவே.

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப்பில் மதர்போர்டு மாற்றணும் என்கிறார்கள். டிஸ்க் அதேதான். பேக்கப் தேவையா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: டேட்டாவுக்கு எப்போதும் தேவை. அதைவிட அவசரம், பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டின் ரெக்கவரி கீ. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் பல லேப்டாப்களில், நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட்டின் சாவி மதர்போர்டில் உள்ள சிப்போடு பிணைந்திருப்பதால், போர்டு மாறியதும் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். எண் இல்லையென்றால் கடைக்காரராலும் திறக்க முடியாது. லேப்டாப்பைக் கொடுக்கும் முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் எண்ணைப் பார்த்து, காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். பயாஸ் (விண்டோஸ் வரும் முன்பே திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸ்) திரைகளையும் படம் எடுங்கள், முக்கியமாக சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை. பழைய போர்டில் இருந்தது புதியதில் வேறாக இருந்தால் விண்டோஸ் பூட் ஆகாமலே போகலாம், அந்தப் படத்தைக் காட்டினால் கடைக்காரர் உடனே மாற்றிவிடுவார்.